ஜிகா வெர்டோவ்: வெறும் வித்தைக்காரரா?

வாசகர் கேள்வி, பிப்ரவரி 2

சோவியத் இயக்குநர் ஜிகா வெர்டோவின் "கேமராவுடன் ஒரு மனிதன்" பேசாப் படத்தை ஒருவழியாகப் பார்த்து முடித்தேன். 1929-ஆம் ஆண்டுக்கு அது அதிசயம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக வித்தையைத் தவிர வேறென்ன இருக்கிறது? கதை இல்லை, மனிதர் இல்லை. போதாததற்கு, நடிப்பே கூடாது என்று அறிக்கை விட்டவர் ஒரு பெண்ணின் படுக்கையறைக்குள் கேமராவை வைத்துத் தூங்கி எழச் சொல்லியிருக்கிறார். இது மோசடி இல்லையா? இன்னொரு சோவியத் இயக்குநரான ஐசன்ஸ்டைனுக்குப் பக்கத்தில் இவரை ஏன் உட்கார வைக்கிறார்கள்?

பிப்ரவரி 2, இரவு

மோசடியைப் பிறகு பார்ப்போம். "மனிதர் இல்லை" என்பதை இப்போதே மறுக்கிறேன்.

திருமணத்தைப் பதிவு செய்ய வந்த ஜோடி சிரிக்கிறது. அதே அலுவலகத்தில் மணமுறிவுக்கு வந்த ஜோடி முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறது. கையெழுத்துப் போட வந்த ஒரு பெண் கேமராவைக் கண்டதும் கைப்பையால் முகத்தை மூடிக்கொள்கிறாள். பிரசவம் நடக்கிறது, சவ ஊர்வலம் போகிறது. தெருவில் படுத்திருந்த பையன் கண் விழித்துக் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறான். மனிதர்கள் வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பெயர் இல்லை, ஒருவருடனும் இரண்டு நிமிடம் தங்க விடமாட்டார், அவ்வளவுதான். ஏறத்தாழ 1,700 ஷாட்டுகள், ஒன்றின் சராசரி நீளம் இரண்டு விநாடி சொச்சம். அது எரிச்சலாக இருக்கிறது என்றால் நானும் உங்கள் பக்கம். முதல் முறை எனக்கும் தலைவலிதான் மிஞ்சியது.

பிப்ரவரி 3

எனக்குத் தொழில் படத்தொகுப்பு. பெரிதாக ஒன்றுமில்லை, பெரும்பாலும் கல்யாண வீடியோ, இடையிடையே கும்பாபிஷேகம். அதனால் இந்தப் படத்தில் நான் திரும்பத் திரும்பப் போவது ரயிலுக்கோ இயந்திரத்துக்கோ அல்ல, நடுவில் வரும் தொகுப்பறைக்கு.

குதிரை வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. திடீரென்று குதிரை உறைந்து நிற்கிறது. பிறகு ஒரு மூதாட்டியின் முகம், குழந்தைகளின் முகங்கள், எல்லாம் அசையாத படங்களாக. அடுத்து அந்தப் படங்கள் ஒரு ஃபிலிம் துண்டில் வரிசையாக இருப்பது தெரிகிறது. அதைக் கையில் பிடித்து வெளிச்சத்தில் பார்த்துக் கொண்டிருப்பவர் எலிசவெத்தா ஸ்வீலோவா, வெர்டோவின் மனைவி. தட்டுகளில் சுருட்டி வைத்த துண்டுகள். கத்தரிக்கிறார், ஒட்டுகிறார். குழந்தை சிரிக்கத் தொடங்குகிறது.

உயிர் எங்கிருந்து வருகிறது என்பதை இவ்வளவு பச்சையாகக் காட்டிய இடம் அதற்கு முந்தைய சினிமாவில் நான் பார்த்ததில்லை. வித்தைக்காரர் என்கிறீர்கள். சரி, எந்த வித்தைக்காரர் ஆட்டத்தின் நடுவில் சட்டைக் கையை மடித்துக் காட்டுகிறார்?

பிப்ரவரி 3, சற்று நேரம் கழித்து

பியர் கோப்பைக்குள் ஒளிப்பதிவாளர் நிற்கும் ஷாட்டைப் பற்றி ஒருவர் "ரோஜாப் பூவுக்குள் மணமகள் முகம்" என்று எழுதியிருக்கிறார். நன்றாகச் சிரித்தேன். அந்த ரோஜாவை நானே எத்தனையோ வீடுகளுக்கு வைத்துக் கொடுத்திருக்கிறேன். எனக்கு அது ஒரு பொத்தான். அந்தக் காலத்தில் இரட்டைப் பதிவுக்கு ஒரே ஃபிலிமில் ஒரு பாதியை மறைத்து எடுத்து, பின்னோக்கிச் சுற்றி, மறுபாதியைத் திறந்து மீண்டும் எடுக்க வேண்டும். எண்ணிக்கை பிசகினால் இரண்டு காட்சியும் குப்பை.

பிப்ரவரி 6

மோசடிக்கு வருகிறேன். படுக்கையறைக் காட்சி ஏற்பாடு செய்தது என்பதில் சந்தேகமே இல்லை. விடிகாலையில் ஒருத்தி வீட்டுக்குள் கேமராவும் வெளிச்சமும் தானாக வந்திருக்க முடியாது. அவர் மறைக்க முயன்றதாகவும் தெரியவில்லை. படத்தின் தொடக்கத்தில் அவர் போடும் அறிவிப்பு, எழுத்து அட்டை (பேசாப் படத்தில் இடையே வரும் வாசகம்) இல்லாமல், திரைக்கதை இல்லாமல், அரங்கமும் நடிகர்களும் இல்லாமல் செய்த சோதனை என்கிறது. நாடகத்தோடுதான் அவருக்குச் சண்டை. எழுந்து முகம் கழுவும் பெண் யாராகவும் நடிக்கவில்லை, முகம்தான் கழுவுகிறாள் என்று அவர் தரப்பில் வாதாடலாம். கொஞ்சம் வழுக்கலான வாதம், எனக்கே முழுத் திருப்தி இல்லை.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. வண்டியில் போகும் பெண்களைப் படமெடுக்கிறார்கள் அல்லவா, அப்போது பக்கத்தில் ஓடும் காரின் மேல் நின்று கைப்பிடியைச் சுற்றும் ஒளிப்பதிவாளரையும் காட்டுகிறார். வண்டியில் இருக்கும் ஒருத்தி அவரைப் பார்த்துக் கையால் சுற்றிக் கேலி செய்கிறாள். அதையும் வெட்டாமல் வைத்திருக்கிறார். அப்படியானால் இந்த ஒளிப்பதிவாளரை எடுத்த இன்னொரு கேமரா எங்கே நின்றது? அந்தக் கேள்வி நமக்கு வர வேண்டும் என்றேதான் செய்திருக்கிறார் என்பது என் எண்ணம்.

கல்யாண வீட்டில் "கேமரா இல்லாதது போல இயல்பாக இருங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். கழுத்து நரம்பு உட்பட எல்லாம் விறைத்துவிடும். கேமராவை நிஜமாகவே மறப்பவர்கள் பந்தியில் சாப்பிடுகிறவர்கள் மட்டும்தான், அவர்களும் நிமிர்ந்து பார்த்தால் முறைப்பார்கள். வெர்டோவ் இதைத் தெரிந்தவர். வேலையில் மூழ்கியவர்களைத் தேடித் தேடி எடுத்தார். மற்ற இடங்களில் முறைப்பையும் வெட்கத்தையும் சேர்த்தே வைத்துக்கொண்டார்.

பிப்ரவரி 7

ஐசன்ஸ்டைன் பற்றிக் கேட்டிருந்ததை மறந்தே போனேன். இருவரும் ஒருவரையொருவர் கரித்துக் கொட்டியவர்கள். ஐசன்ஸ்டைன் முதன்முதலில் எடுத்த குறும்படம், 1923-இல் ஒரு நாடகத்துக்குள் காட்டுவதற்காக எடுத்தது, வெர்டோவின் கினோ-பிராவ்தா செய்திப்பட வரிசையில்தான் ஓர் இதழின் பகுதியாக வந்தது. இரண்டே ஆண்டில் ஐசன்ஸ்டைன், எங்களுக்கு வேண்டியது சினிமாக் கண் அல்ல, சினிமா முஷ்டி என்று எழுதினார். என் முறைகளை எடுத்துக் கொண்டுபோய் நடிகர்களுக்குப் போட்டுவிட்டார் என்பது வெர்டோவின் புகார்.

இருவரில் யார் பெரியவர் என்ற பட்டிமன்றத்தில் எனக்கு ஆர்வமில்லை. ஒரு வேறுபாடு மட்டும் சொல்கிறேன். ஐசன்ஸ்டைன் படம் பார்க்கும்போது எங்கே கோபப்பட வேண்டும் என்று அவரே முடிவு செய்திருப்பார், நாமும் அங்கே கோபப்படுவோம். வெர்டோவ் 1924-இல் எடுத்த "சினிமாக் கண்" படத்தில், கடையில் தொங்கும் இறைச்சியைப் பின்னோக்கி ஓட்டி, தோலும் குடலும் திரும்பிப் போய்ச் சேர, மாடு எழுந்து நிற்கிறது. ரொட்டியும் அப்படியே வயலுக்குத் திரும்புகிறது. கூட்டுறவுக் கடையில் வாங்குங்கள் என்பதற்கான பிரச்சாரம் அது. எனக்குப் பிரச்சாரம் மறந்துவிட்டது, மாடு எழுந்தது மறக்கவில்லை. பிரச்சாரகராக அது அவருக்குத் தோல்விதான் போலும்.

பிப்ரவரி 12

இன்று வெர்டோவ் இறந்த நாள். 1954-இல் மாஸ்கோவில், புற்றுநோயில், 58 வயதில். வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லுங்கள் என்று கேட்டவருக்காக எழுதுகிறேன். சுருக்கமாக வருமா பார்க்கலாம்.

இயற்பெயர் தாவிது காஃப்மன். 1896-இல் பியாலிஸ்டாக்கில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். அப்போது ரஷ்யப் பேரரசு, இப்போது போலந்து. இசை படித்தார். பெத்ரோகிராடில் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) உளநரம்பியல் கழகத்தில் சேர்ந்தபோது மரம் அறுக்கும் ஆலையின் சத்தத்தையும் அருவியின் சத்தத்தையும் எழுத்தில் பிடிக்க முயன்றார். காதால் தொடங்கிக் கண்ணுக்கு வந்தவர். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

1918-இல் மாஸ்கோவில் "கினோ-நெதேல்யா" என்ற வாரச் செய்திப்படத்தில் வேலைக்குச் சேர்ந்தார். உள்நாட்டுப் போர்க் காலம். ஃபிலிம் கிடைக்காது. யாரோ எங்கோ எடுத்து அனுப்பிய துண்டுகளை ஒட்ட வேண்டும். தான் எடுக்காத காட்சிகளைக் கொண்டு படம் செய்யும் பழக்கம் இங்கே வந்தது. பிரச்சார ரயிலில் ஊர் ஊராகப் போய்த் திரையிட்டார். 1922 முதல் 1925 வரை "கினோ-பிராவ்தா", மொத்தம் 23 இதழ்கள். சிலவற்றின் எழுத்து அட்டைகளை ஓவியர் ரோட்சென்கோ வடிவமைத்தார். முதல் இதழிலேயே வோல்கா பஞ்சத்தில் எலும்பும் தோலுமான குழந்தைகள் வருகிறார்கள். அதே கோடையில் சோஷலிஸ்ட் புரட்சியாளர் கட்சித் தலைவர்கள் மீது நடந்த வழக்கையும் இதழ் இதழாகக் காட்டினார், அரசு தரப்பில் நின்று.

அடுத்து முழுநீளப் படங்கள். அவரிடம் வேலை கொடுத்தவர்களின் பாடு தனிக் கதை. மாஸ்கோ சோவியத், அதாவது நகர மன்றம், தேர்தலுக்காகத் தன் சாதனையைப் படமாக்கச் சொன்னது. தலைவர்கள் முகம் காட்டாமல், மேடைக்கு எதிரே பஸ்களும் லாரிகளும் கூடிக் கூட்டம் நடத்துவது போல எடுத்துக் கொடுத்தார். அரசு வணிக நிறுவனம் விளம்பரப் படம் கேட்டது. "உலகின் ஆறில் ஒரு பங்கு" என்று ஒரு கவிதையைக் கொடுத்தார், செலவுக் கணக்கோ எங்கோ போய்விட்டது. 1927 ஜனவரியில் அரசுத் திரைப்பட நிறுவனமான சோவ்கினோ அவரை வெளியே அனுப்பியது. அடுத்த படத்துக்குத் திரைக்கதை எழுதித் தா என்றார்கள், என் முறைக்குத் திரைக்கதையே கிடையாது என்றார். மேலதிகாரியாக இருந்தால் நானும் அனுப்பியிருப்பேன்.

உக்ரைனின் வுஃப்கு நிறுவனம் அவரைக் கூப்பிட்டுக்கொண்டது. நீப்பர் அணைக் கட்டுமானத்தை வைத்து "பதினோராவது ஆண்டு", பிறகு "கேமராவுடன் ஒரு மனிதன்". 1930-களில் பேசும் படங்கள். போர் வந்ததும் கஜகஸ்தான். 1944 முதல் சாகும்வரை "நோவஸ்தி த்னியா" என்ற செய்திப்படத்தில் மாதச் சம்பள வேலை, யார் செய்தாலும் ஒரே மாதிரி இருக்கும் இதழ்கள். நடுவில் 1949-இல், "வேரற்ற உலகவாதிகள்" என்று யூதக் கலைஞர்களை வேட்டையாடிய இயக்கத்தில், வேலை செய்த ஸ்டுடியோவிலேயே கூட்டம் போட்டு அவரைத் தாக்கினார்கள். அவருடைய நாட்குறிப்புகள் அச்சில் கிடைக்கின்றன. பின்பகுதியைப் படிக்க மனம் வேண்டும். திட்டம் எழுதுகிறார், நிராகரிக்கிறார்கள், இன்னொன்று எழுதுகிறார்.

சுருக்கமாக வரவில்லை.

பிப்ரவரி 13

வெர்டோவை "ரஷ்ய இயக்குநர்" என்பது சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆமாம், அந்தப் பட்டத்தைக் கொஞ்சம் நிறுத்திதான் போட வேண்டும். "கேமராவுடன் ஒரு மனிதன்" உக்ரைன் நிறுவனத்தின் படம், முதல் திரையிடல் 1929 ஜனவரியில் கீவ் நகரத்தில். திரையில் ஒரே ஊர் போலத் தெரிவது மாஸ்கோ, கீவ், ஒடேசா எல்லாம் கலந்தது. ஒரு தெருவில் திரும்பினால் வேறு நகரம். எந்தக் கடற்கரை எந்த ஊர் என்று கண்டுபிடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமையை வீணடித்தேன். நன்றாகத்தான் போனது.

பிப்ரவரி 17

காதால் தொடங்கியவர் என்றேனே, அது "உற்சாகம்: டான்பாஸ் சிம்பொனி" படத்துக்காக. 1930-இல் எடுத்தது. அப்போது ஒலிப்பதிவு என்றால் மூடிய ஸ்டுடியோ. தொழிற்சாலைச் சத்தத்தை வெளியிலே போய்ப் பதிவு செய்தால் வெறும் இரைச்சல்தான் வரும் என்று ஒரு விமர்சகர் அடித்துச் சொன்னார். வெர்டோவ் ஷோரின் முறை ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு உக்ரைனின் டான்பாஸ் சுரங்கங்களுக்கும் உலைகளுக்கும் போனார்.

படத்தின் தொடக்கத்தில் ஒரு பெண் காதில் கருவியை மாட்டிக்கொண்டு வானொலி கேட்கிறாள். கோயில் மணி, வழிபாடு, குடிகாரர்கள், திடீரென்று ஆலைச் சங்கு. ஒலி படத்துக்கு அடங்கி நடக்கவே இல்லை. ஒன்றின் ஓசை இன்னொன்றின் மேல் போய் உட்காருகிறது. பல ஆண்டுகள் சுற்றிக்கொண்டிருந்த பிரதிகளில் ஒலியும் படமும் பொருந்தாமல் போயிருந்தன. 1972-இல் ஆஸ்திரியத் திரைப்படக் கலைஞர் பீட்டர் குபெல்கா வியன்னாவில் அவற்றை மீண்டும் பொருத்தினார். பொருத்திய பிறகும் பல இடங்களில் பொருந்தாதது போலத்தான் இருக்கும், அது வேண்டுமென்றே செய்தது.

1931-இல் லண்டனில் திரையிட்டபோது ஒலி அளவுக் கருவியின் முன் தானே உட்கார்ந்துகொண்டு, குறையுங்கள் என்று கெஞ்சியவர்களோடு மல்லுக்கட்டிக் கட்டடம் அதிர வைத்தார் என்று அங்கே இருந்தவர் எழுதியிருக்கிறார். சாப்ளின் அந்தப் படத்தைக் கேட்டுவிட்டு மனம் திறந்து பாராட்டினார். பேசும் படத்தையே வெறுத்த சாப்ளின்!

இதே படத்தில் கோயில் கோபுரத்திலிருந்து சிலுவையை இழுத்துத் தள்ளுகிறார்கள், கட்டடம் இளைஞர் மன்றமாகிறது. வெட்டுகள் அபாரம். கூட்டம் உற்சாகமாக இருக்கிறது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் அதே உக்ரைனில் லட்சக்கணக்கானோர் பட்டினியால் சாகப் போகிறார்கள். 1922-இல் பஞ்சத்தில் வாடிய குழந்தைகளின் முகத்தைக் காட்டிய கேமராவுக்கு 1933-இல் அந்த முகங்களைக் காட்ட வழியில்லை. இந்தப் படத்தைப் பார்க்கும்போது எனக்கு இது குறுக்கே வந்துகொண்டே இருக்கிறது. யாராவது "அதைத் தனியாக வைத்துவிட்டுக் கலையை மட்டும் பாருங்கள்" என்றால், எப்படி என்று சொல்லித் தரவும்.

பிப்ரவரி 24

ஒரு வாரமாக மேலே எழுதியதையே சுற்றிக்கொண்டிருக்கிறேன். பிப்ரவரி 3-இல் தொகுப்பறையைப் பற்றிப் பரவசமாக எழுதினேன். பரவசம் அப்படியே இருக்கிறது, ஆனால் மறுபக்கமும் சொல்ல வேண்டும். தொகுப்பறை உயிர் கொடுக்கும் இடம் என்றால் ஆளைக் காணாமல் ஆக்குவதும் அங்கேதான்.

"லெனினைப் பற்றி மூன்று பாடல்கள்" 1934-இல் வந்தது. 1938-இல் மறுபடி தொகுத்தார்கள், அதற்குள் "மக்கள் விரோதி"களாகிவிட்டவர்கள் வெட்டப்பட்டு ஸ்டாலின் அதிகமானார். 1970-இல் ஸ்வீலோவா அதைச் சீரமைத்தபோது ஸ்டாலின் வெட்டப்பட்டார். ஒரே படம், மூன்று கத்தரிகள். "தாலாட்டு" என்று 1937-இல் வந்ததோ தாய்மாரும் குழந்தைகளும் ஸ்டாலினை நோக்கி நகர்ந்து வரும் படம், அதைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. இவ்வளவு வணங்கியும் அந்தப் படத்தைச் சில நாட்களிலேயே திரையரங்குகளிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

கேள்வி கேட்டவரே, மோசடி என்ற சொல்லை இங்கே பயன்படுத்தியிருந்தால் நான் வாதாடியிருக்க மாட்டேன்.

பிப்ரவரி 25

இன்னும் ஒன்று, அந்த "மூன்று பாடல்கள்" படத்திலேயே. அணை கட்டும் இடத்தில் கான்கிரீட் வேலை செய்யும் பெண் ஒருத்தி கேமராவைப் பார்த்துப் பேசுகிறாள். கான்கிரீட்டுக்குள் விழுந்ததையும், ஏறி வந்து உலர்த்திக்கொண்டு மீண்டும் வேலைக்குப் போனதையும், அதற்குப் பிறகு "ஆர்டர் ஆஃப் லெனின்" விருது கிடைத்ததையும் வெட்கத்தோடு, நின்று நின்று சொல்கிறாள். படமும் குரலும் ஒன்றாக. 1934-இல் ஆவணப்படத்தில் ஒரு தொழிலாளி தன் வாயால் தன் கதையைச் சொல்வது! இரண்டு விநாடிக்கு ஒரு வெட்டு என்று இருந்தவர் இங்கே கத்தரியைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருக்கிறார். "யாருடனும் தங்க விடமாட்டார்" என்று முதல் நாள் எழுதியது 1929-க்குத்தான் பொருந்தும்.

மார்ச் 3

ஸ்வீலோவாவைப் பற்றி மட்டும் தனியாக எழுதச் சொன்னீர்கள். சிறுமியாக இருந்தபோதே ஃபிலிம் வெட்டும் வேலைக்கு வந்தவர். "கேமராவுடன் ஒரு மனிதன்" படத்தில் அவருக்குக் கொடுத்திருக்கும் பெயர் தொகுப்பு உதவியாளர். உதவியாளராம்! 1945-இல் சோவியத் ஒளிப்பதிவாளர்கள் எடுத்த காட்சிகளைக் கொண்டு ஆஷ்விட்ஸ் பற்றிய ஆவணப்படத்தை இயக்கியவர் அவர்தான். வெர்டோவ் சும்மா உட்கார வைக்கப்பட்டிருந்த ஆண்டுகளில் ஸ்வீலோவாவுக்கு வேலை இருந்தது. கணவர் இறந்த பிறகு இருபது ஆண்டுகளுக்கு மேல் அவருடைய தாள்களையும் படங்களையும் கட்டிக் காத்தார். வெர்டோவைப் பற்றி இன்று நாம் சண்டை போட முடிகிறதென்றால் பாதிக் காரணம் அவர்.

வெர்டோவின் தம்பிகள் கதையும் இருக்கிறது. மிகயில் காஃப்மன்தான் "கேமராவுடன் ஒரு மனிதன்" படத்தில் வரும் ஒளிப்பதிவாளர், தண்டவாளத்தில் படுக்கிறவர், புகைபோக்கி மேல் ஏறுகிறவர். அந்தப் படத்தோடு அண்ணனுடன் முறித்துக்கொண்டு "வசந்தம்" என்று சொந்தமாக ஒன்று எடுத்தார். வெர்டோவ் ரசிகர்கள் அடிக்க வந்தாலும் சரி, மென்மையில் அது ஒரு படி மேல். கடைசித் தம்பி போரிஸ் பிரான்சுக்குப் போய் இயக்குநர் ஜான் விகோவுக்கு ஒளிப்பதிவு செய்தார், பிறகு அமெரிக்கா. "ஆன் தி வாட்டர்ஃபிரண்ட்" படத்துக்காக 1955-இல் ஆஸ்கர் வாங்கினார். அண்ணன் போய் ஓராண்டு ஆகியிருந்தது.

மார்ச் 8

"கேமராவுடன் ஒரு மனிதன்" படத்தின் எந்தப் பிரதியைப் பார்ப்பது என்ற கேள்விக்கு. 1930-களின் தொடக்கத்தில் வெர்டோவ் நெதர்லாந்தில் விட்டுவிட்டு வந்த பிரதியை வைத்து ஆம்ஸ்டர்டாமின் "ஐ" (Eye) திரைப்பட அருங்காட்சியகம் சீரமைத்ததுதான் நல்லது. பழைய பிரதிகள் பலவற்றில் ஒலித்தடத்துக்கு இடம் விட இடப்பக்கத்தை வெட்டியிருப்பார்கள். சட்டகத்தின் ஓரத்தில் வேண்டுமென்றே வைத்த முக்காலியும் முகமும் பாதி போயிருக்கும். சட்டகம் ஏறக்குறைய சதுரமாக, இடப்பக்கம் மூச்சுவிட இடத்தோடு இருந்தால் சரியான பிரதி.

இசை: மைக்கேல் நைமன் அமைத்தது அழகாக இருக்கிறது, ஆனால் படத்தை ஒரே நீரோட்டமாக்கிவிடுகிறது. அலாய் ஆர்கெஸ்ட்ரா 1995-இல் வெர்டோவின் இசைக் குறிப்புகளை அடியொற்றிச் செய்ததில் சைரனும் கூச்சலும் உண்டு, எனக்கு அதுதான். ஒருமுறை ஒலியே இல்லாமலும் பாருங்கள். தொழில் செய்கிறவர்கள் என்றால் கட்டாயம். வெட்டுகளின் தாளம் அப்போதுதான் கையில் கிடைக்கும்.

இதற்குமேல் என்னிடம் இல்லை. சனிக்கிழமைக்குள் ஒரு ரிசப்ஷனைத் தொகுத்துக் கொடுக்க வேண்டும், மாப்பிள்ளை வீட்டார் ரோஜா கட்டாயம் வேண்டும் என்கிறார்கள்.